சம்மட்டி மாமா லைசென்ஸ் வாங்கிய கதை

என் அக்கா புருஷனுக்குச் சம்மட்டி என்று பட்டப்பெயர் வைத்தது லாரி டயர் கடையில் அவரோடு வேலை பார்த்தவர்கள். பழைய லாரிச் சக்கரத்தில் டயர் துருவோடு துருவாக இரும்பு வளையத்தில் ஒட்டிக்கொண்டால் சம்மட்டியால் அடித்துத்தான் கழற்ற வேண்டும். மற்றவர்களுக்குப் பதினைந்து அடி ஆகும். மாமாவுக்கு நாலு அடி போதும். சாயங்காலம் சம்மட்டியைக் கடையில் வைத்துவிட்டு வரலாம், கையைக் கழற்றி வைத்துவிட்டு வர முடியுமா? அதோடுதான் வீட்டுக்கு வருவார்.

அவரிடம் அடி வாங்கியவர்களை வரிசையாக நிறுத்தினால் எங்கள் தெரு போதாது. வழி விடாத ஒரு சைக்கிள்காரர். எதற்கோ சிரித்த ஒரு லாரி டிரைவர், அந்த ஆளுக்கு முன்பல் இரண்டு போயிற்று. ஏன் மாமா இப்படிச் செய்கிறீர்கள் என்று நியாயம் கேட்கப் போன நான். என் மூக்கு இன்றைக்கும் ஒரு பக்கமாகத்தான் பார்க்கும். இதெல்லாம் எப்போதாவது நடப்பது. அக்காவுக்கு மட்டும் வாராவாரம்.

அவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். குழந்தை இல்லை. அதற்கும் அடி அக்காவுக்குத்தான். சட்டைக்குப் பட்டன் தைக்க மறந்த ஒரு காலையில் விட்ட அறையில் அவளுக்கு ஒரு காது போய்விட்டது. டாக்டரிடம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றாள். பக்கத்தில் நின்ற நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

நான் என்ன லட்சணம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். ஒரு கார், ஒரு அறை, சுவர் நிறைய சாலைக் குறிகள் அச்சடித்த ஒரு படம், அவ்வளவுதான் ஸ்கூல். அடி தாங்காமல் அக்கா எங்கள் வீட்டுக்கு ஓடி வருவாள். நாலு நாள் கழித்து, கூரையில் ஸ்கூல் பெயர்ப் பலகை மாட்டிய அதே காரில் நானே அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவேன். இப்படி ஆறு தடவை. கோபம் வந்தால் அவருக்குக் கண்ணு மண்ணு தெரியாது, மற்றபடி மனுஷன் தங்கம் என்பாள் அம்மா. அடிக்கிற கைதான் அணைக்கும் என்றும் சொல்வாள். நான் மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே உபதேசம் செய்வேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஏழாவது தடவை அவள் வந்தபோது நெற்றியில் நாலு தையல். நிலைப்படியில் தலையை மோதவிட்டிருக்கிறார். அதே வாரம் டயர் கடை முதலாளியின் தம்பிக்குத் தோள்பட்டை எலும்பை உடைத்ததில் மாமாவுக்கு வேலையும் போயிற்று. எந்தக் கடையிலும் சேர்க்கவில்லை. கடைசியில் தண்ணீர் கேன் விற்கிற ஒரு கம்பெனியில் வேன் ஓட்ட ஆள் வேண்டும், இரண்டு மாசத்துக்குள் லைசென்ஸோடு வந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். மாமா எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். லைசென்ஸ் வாங்கி, வேலையில் சேர்ந்து, புது மனுஷனாகிறேன், அவளை அனுப்பிவையுங்கள் என்று அம்மாவின் காலைப் பிடித்தார். அம்மா உருகிவிட்டாள்.

அக்கா உடனே சரி என்று சொல்லவில்லை.

"ரோட்டுல இறங்கினா நாலு பேர் திட்டுவான், உரசுவான், முன்னாடி வந்து விழுவான்" என்றாள். "அதையெல்லாம் யாரையும் கைநீட்டாம தாங்கி இவர் லைசென்ஸ் வாங்கிட்டார்னா, நான் வர்றேன்."

அவளுக்கு அவர் திருந்த வேண்டும் என்றுதான் ஆசை. சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் எல்லோரையும்விட அவளுக்குத்தான் அந்த ஆசை அதிகம்.

கற்றுக்கொடுக்கிற காரில் எங்கள் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் கோட்டைவிட்டால் நாங்கள் மிதிப்போம். முதல் நாள் நான் அதை மிதித்ததும் மாமா டேஷ்போர்டில் ஒரு குத்து விட்டார். பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிட்டது. மூன்றாம் நாள் மறுபடி மிதித்தேன். நான் ஓட்டும்போது நீ எதற்கு மிதிக்கிறாய் என்று என் சுண்டுவிரலைப் பிடித்து, குச்சியை ஒடிப்பது போல் ஒடித்தார். கட்டுப் போட்டுக்கொண்டு நாலாம் நாளும் போனேன். அக்காவின் வாழ்க்கையாயிற்றே, விரலைப் பார்த்தால் முடியுமா?

வண்டி அவருக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. வராதது நிதானம்தான். முதல் டெஸ்ட் சரியாக மூன்று நிமிஷம் நடந்தது. டெஸ்ட் எடுக்கிற அதிகாரி அவர் பக்கத்தில், நான் பின்சீட்டில். திருப்பத்தில் ஒரு ஸ்கூட்டர்காரர் குறுக்கே புகுந்து, என்னய்யா தூங்குறியா என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்த சிக்னலில் அவர் நின்றதும் மாமா இறங்கிப் போய், அவர் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி, அதாலேயே அவரை அடித்தார். சின்னச் சின்ன மணி மாதிரி ரத்தம் ரோட்டில் விழுந்தது. அதிகாரி காரிலிருந்து இறங்கி ஆபீசுக்கு நடந்தே போய்விட்டார்.

கம்பெனிக்காரர்கள் சொன்ன கெடு முடிவதற்குள் இன்னும் ஒரே ஒரு டெஸ்ட் தேதிதான் இருந்தது. அதையும் விட்டால் வேலையும் கிடையாது, அக்காவும் வரமாட்டாள். இதை நான் மாமாவிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டேன். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தால் ஃபெயில், சீட்டை விட்டு இறங்கினால் ஃபெயில், இந்த இரண்டையும் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே இருங்கள் என்றேன். பிறகு வேறு ஸ்கூல்களில் வேலை பார்க்கிற என் சிநேகிதர்களைப் பிடித்து, பின்னால் வந்து ஹாரன் அடிக்கவும், பக்கத்தில் வந்து வாய்க்கு வந்தபடி திட்டவும் ஏற்பாடு செய்தேன். முதல் நாள் மாமாவின் கழுத்து நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்தது. ஆனால் இறங்கவில்லை. ஒரு வாரத்தில் பல்லைக் கடிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. இரண்டாவது வாரம் அதுவும் இல்லை. எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

தினமும் நான் வீடு திரும்பியதும் அக்கா வாசலிலேயே நிற்பாள். இன்றைக்கு யாரையாவது அடித்தாரா என்பதுதான் அவள் கேட்கிற ஒரே கேள்வி. இல்லை என்பேன். அவள் முகத்தில் வருகிற வெளிச்சத்தைப் பார்த்தால் எனக்குத் தலைகால் புரியாது. டெஸ்டுக்கு முந்தின நாள் தன் துணிகளை மடித்துப் பையில் அடுக்கி வைத்துவிட்டாள். நான் என்னவோ தீராத வியாதியைத் தீர்த்துவிட்ட மாதிரி மிதப்பில் இருந்தேன்.

டெஸ்ட் அன்று அதே அதிகாரி. மாமாவைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது. ஆனாலும் ஏறி உட்கார்ந்தார். கைச்சைகை காட்டுவதற்காகக் கண்ணாடியை இறக்கி வைக்கச் சொல்வார்கள். மாமா இறக்கினார். கம்பங்களுக்கு நடுவே பின்னால் எடுத்து நிறுத்தினார், ஒரு கம்பத்திலும் உரசவில்லை. மேட்டில் நிறுத்திக் கிளப்பினார், ஒரு விரற்கடை கூடப் பின்னால் உருளவில்லை. அப்புறம் ரோட்டுக்கு வந்தோம்.

பாதசாரிகள் கடக்கிற கோட்டில் இரண்டு கையிலும் பை வைத்திருந்த ஒரு அம்மா கால் வைத்தார். மாமா முறைப்படி நிறுத்தினார். பின்னால் வேகமாக வந்த சரக்கு வேன் டமாரென்று எங்கள் காரை இடித்தது. வேன்காரன் இறங்கி வந்தான். மாமாவில் பாதிதான் இருப்பான். நடுரோட்டில் எவனாவது பிரேக் அடிப்பானா என்று கத்திக்கொண்டே இறக்கி வைத்த கண்ணாடி வழியாகக் கையை விட்டு மாமாவின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டான்.

அவன் செத்தான் என்று நினைத்தேன். மாமாவின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. அவன் இரண்டாவது அறை விட்டான். அப்புறம் முஷ்டியை மடக்கிக் குத்த ஆரம்பித்தான். உதடு கிழிந்தது. மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகிச் சட்டையில் வழிந்தது. முடியைப் பிடித்து இழுத்துத் தலையைக் கதவுச் சட்டத்தில் ஒரு இடி இடித்தான். அந்தச் சத்தம் பின்சீட்டுக்குக் கேட்டது. அதிகாரி மார்க் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு விட்டுவிடுப்பா விட்டுவிடுப்பா என்று முனகினார். அடிப்பதற்கு அவனுக்கே அலுத்துப்போய், துப்பிவிட்டுப் போனான். மாமா கண்ணாடியில் பின்னால் பார்த்தார். இன்டிகேட்டர் போட்டார்.

"சார், போகலாமா?" என்றார்.

அதிகாரி ஆபீசுக்கு வந்ததும் அட்டையில் பாஸ் என்று எழுதி, இப்படி ஒரு பொறுமையை இருபது வருஷத்தில் பார்த்ததில்லை என்று மாமாவுக்குக் கைகொடுத்தார். நான் கழிப்பறைக்குள் போய் அழுதேன். அன்றைக்கே கையெழுத்துப் போட்டுத் தற்காலிக லைசென்ஸ் தாளையும் கொடுத்துவிட்டார்கள். மாமா அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மத்தியானம் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்குப் போனோம். அம்மா ஈரத்துணி எடுத்துவந்து மருமகனின் உதட்டைத் துடைத்தாள். நடந்ததை நான் கூடத்தின் நடுவில் நின்று நடித்தே காட்டினேன். வேன்காரனாகவும் நானே, மாமாவாகவும் நானே. அக்கா அடுக்கி வைத்திருந்த பைக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் மாமாவைப் பார்த்து, வலித்ததா என்று கேட்டாள். பல்லே ஆடுகிறது என்றார்.

"கோபம் வரலையா?" என்றாள்.

"வராம? அவன் கையை ஒடிச்சு அவன் வாயிலயே திணிச்சிருப்பேன்."

"அப்புறம் ஏன் அடிக்கல?"

மாமா கிழிந்த உதட்டோடு சிரித்தார். "லைசென்ஸ் போயிடும்ல?"

அக்கா மெதுவாகத் தலையசைத்தாள். பையைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"லைசென்ஸ் போயிடும்னா கை நிக்குது" என்றாள். "நான் போயிடுவேன்னு பதினோரு வருஷத்துல ஒரு நாள்கூட நிக்கல."

நான் வரவில்லை என்றாள். அம்மா பதறிப்போய், மனுஷன் திருந்தி வந்து நிற்கும்போது இப்படிப் பேசலாமா என்று ஆரம்பித்தாள்.

"திருந்தலம்மா. எப்பவுமே இப்படித்தான் இருந்திருக்கார். பாவம், கையை அடக்க அவரால முடியலன்னு நெனச்சேன். நோயாளியைப் பொறுத்துக்கிற மாதிரி பொறுத்துக்கிட்டேன். இவரால முடியும்."

மாமா எழுந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். ரத்தம் பட்டிருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தார். ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். மின்விசிறி காற்றில் அது படபடத்தது. பக்கத்திலிருந்த தம்ளரை எடுத்து அதன் மேல் பாரமாக வைத்தார். அப்புறம்தான் திரும்பி வந்து அக்காவை அடித்தார்.

நாற்காலியோடு சாய்ந்தாள். தரையில் கையை ஊன்றிக்கொண்டு, வாயில் வந்த ரத்தத்தோடு, அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"பாத்தியாடா?"

பார்த்தேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். தாளை எடுத்தது, பிரித்தது, தம்ளரை வைத்தது எல்லாவற்றையும் பார்த்தேன். ஐயோ, எத்தனை வருஷம் அவளை ஏமாற்றியிருக்கிறோம். அவர் மேல் பாய்ந்தேன். என் நெஞ்சில் ஒன்று, காதில் ஒன்று விழுந்தது. விடவில்லை. அம்மாவும் வந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேருமாக அவரை வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டோம்.

கதவு அதிர்ந்தது. உதைத்தார், குத்தினார். மரச்சட்டத்திலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. பெண்டாட்டியைக் கூப்பிடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"என் லைசென்ஸ் உள்ள இருக்குடா! அதைக் குடுடா!"

அக்கா எழுந்து போய் அந்தத் தாளை எடுத்தாள். குனிந்து கதவுக்கு அடியில் அதைத் தள்ளினாள். அந்தப் பக்கமிருந்து அது இழுக்கப்பட்டது. அடிக்கிற சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் அவர் படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது.