ஜெயித்துக்கொண்டே இருந்த மந்திரவாதி

காலண்டர் சீசன் முடிந்துவிட்டால் சிவகாசி அச்சகங்களில் பாதி மெஷின்கள் சும்மா நிற்கும். நான் டிசைனராக இருக்கும் கம்பெனியில் போன வருடம் தை மாதமே ஆர்டர் வற்றிவிட்டது. ஒருநாள் முதலாளி அண்ணாச்சி என் மேசைக்கு வந்தார்.

"நீ ராஜா, மந்திரம்னு கதையெல்லாம் எழுதுவியாமே. கோடை லீவுல பிள்ளைக வெளையாட ஒரு சீட்டுக்கட்டு போட்டுக் குடேன். அதுக்கு முன்னால கடைக்குப் போயிரணும்."

பல வருடங்களாகச் சாமி படங்களுக்குப் பின்னால் மேகம் ஒட்டிக்கொண்டிருந்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரே வாரத்தில் விளையாட்டைத் தயார் செய்தேன். ஒருவர் வீரன், எதிரில் இருப்பவர் மந்திரவாதி. ஆளுக்குப் பத்து உயிர். மாறி மாறிச் சீட்டு இறக்க வேண்டும். வாள் வீச்சு இரண்டு உயிரை எடுக்கும், தீ மந்திரம் ஆறை எடுக்கும். மந்திரம் என்றால் பெரிதாகத்தானே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மீந்துபோன காலண்டர் அட்டையில் மாதிரிச் சீட்டுகளை வெட்டி, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பைண்டிங் பக்கம் எடுத்துப் போனேன். அங்கே வேலை பார்க்கும் மூத்த அக்கா ஒருவர் முன்பு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு கம்பெனியில் இருந்தவர். அவர் மந்திரவாதியானார். பேப்பர் பண்டல் ஏற்றி இறக்கும் லோடுமேன் அண்ணன் வீரன்.

அக்கா இரண்டு தீ மந்திரம் இறக்கினார். அண்ணன் செத்துப்போனார்.

"அம்புட்டுத்தானா?" என்றார் அக்கா. பக்கம் மாற்றி ஆடினார்கள். இப்போது அண்ணன் இரண்டே சீட்டில் ஜெயித்தார்.

"இதுக்கு எதுக்குத் தாயி வெளையாடணும்? யாரு மந்திரவாதியோ அவுகதான ஜெயிக்காக" என்று சொல்லிவிட்டு அக்கா டிபன் பாக்ஸ் கழுவப் போய்விட்டார்.

அண்ணன் வீரன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாளு இவன் ஒசரத்துக்கு இருக்கேம்மா. இதத் தூக்கி ஓங்குனா முதுகு புடிச்சுக்கிருமே."

அந்த வாளை ஆசை ஆசையாக வரைந்திருந்தேன். "கற்பனைதானே அண்ணே" என்றேன்.

"கற்பனைன்னாலும் அவனுக்கும் இடுப்புன்னு ஒண்ணு இருக்கும்ல."

மறுநாள் வாளைப் பாதியாகக் குறைத்து வரைந்தேன். தீ மந்திரத்தையும் இரண்டு உயிராகக் குறைத்தேன். அக்கா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவன் வாளும் ரெண்டு, இவன் தீயும் ரெண்டு. தாடி மட்டுந்தான் வித்தியாசம்" என்றார். ஆட்டத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டார்கள்.

நான் முகம் வாடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ பட்டாசு கம்பெனிக்குள்ள போயிருக்கியா?"

"இல்லக்கா."

"அங்கன மருந்துக்கு எம்புட்டு சக்தி இருக்குன்னு ஒனக்கே தெரியும். ஆனா நாம நெனச்ச நேரத்துக்கெல்லாம் அது வேலைக்கு ஆகாது. காலையிலயே கலக்கணும். வெயில்ல காயணும். ஒரு ரூம்புல நாலு பேருக்கு மேல இருக்கப்படாது. இடி மின்னல்னா அம்புட்டு பேரும் வெளிய வந்துரணும். ஒன் மந்திரவாதி மட்டும் கையத் தூக்குனதும் தீய விடுதானே, அதான் எனக்கு நம்பிக்கையே வரல."

நான் அதுவரை எழுதி வைத்திருந்த கதைகளில் எல்லா மந்திரவாதிகளும் கையைத் தூக்கியதும் தீயை விடுகிறவர்கள்தான். கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

அன்றைக்கே விதியை மாற்றினேன். தீ மந்திரத்துக்கு மறுபடி ஆறு. ஆனால் சீட்டைக் கவிழ்த்து வைத்து இரண்டு சுற்று காயவிட வேண்டும். அதற்குள் எதிராளி, புதிதாகச் சேர்த்த மழைச் சீட்டை இறக்கினால் மந்திரம் நமத்துப்போகும். வீரன் சுற்றுக்கு ஒரு தரம் வாள் வீசலாம். "மூணு பண்டல் தூக்குனா ஒரு நிமிசம் நின்னுதான் அடுத்தத தூக்குவேன்" என்று அண்ணன் சொன்னதால், மூன்று வீச்சுக்கு ஒரு சுற்று ஓய்வு.

மூன்றாம் நாள் ஆட்டம் சூடுபிடித்தது. அக்கா இரண்டு மந்திரங்களைக் காயவைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அண்ணன் யோசித்து யோசித்து மழையை இறக்கினார்.

"ஏலே, எல்லாத்தையும் நனைச்சுப்புட்டியே" என்று அக்கா தலையில் கை வைத்தார். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. என்ன சத்தம் என்று அண்ணாச்சியே வந்துவிட்டார். நாங்கள் பதறி எழுந்தோம். அவரோ ஆட்டம் முடியும்வரை நின்று பார்த்துவிட்டு, "நான்தான் மந்திரவாதி" என்று அக்காவின் இடத்தில் உட்கார்ந்தார். இரண்டே இரண்டு உயிர் வித்தியாசத்தில் தோற்றார்.

"இன்னொரு ஆட்டம் போடுப்பா."

"அண்ணாச்சி, லோடு வண்டி வந்து நிக்கி."

"நிக்கட்டும்."

பங்குனியில் அச்சடித்துச் சித்திரையில் கடைகளுக்கு அனுப்பினோம். கொஞ்ச நாளில் விருதுநகர்க் கடைக்காரர் ஒருவர் போன் செய்தார்: மந்திரவாதிக்குச் சக்தி பத்தவில்லை என்று பிள்ளைகள் குறைப்படுகிறார்களாம். அதே வாரம் சாத்தூரிலிருந்து இன்னொரு போன்: வீரன் ரொம்பத் தோற்கிறானாம், அவன் பலத்தைக் கொஞ்சம் ஏற்றிப் போடச் சொன்னார்கள்.

அண்ணாச்சி குழம்பிப்போய் என்னிடம் வந்தார். "அடுத்த லோடு அடிக்கணும்மா. இதுல எதத் திருத்த?"

"ஒண்ணும் திருத்த வேண்டாம் அண்ணாச்சி. அப்படியே அடிங்க" என்றேன். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.