டீக்கடை ரேடியோவில் டாக்டரம்மா குரல்

கார்ட்லெஸ் போன் விற்கிறவன் வாயில் முதலில் வரும் வார்த்தை 'தூரம்'. எத்தனை தூரம் கேட்கும் என்றுதான் வாங்குகிறவர்களும் கேட்டார்கள், யாருக்கெல்லாம் கேட்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை. உங்கள் வீட்டுச் சேதியைப் பக்கத்து வீட்டுக்காரர் உங்களிடமே விசாரித்து நீங்கள் திகைத்ததுண்டா? அப்படியானால் நீங்களும் நம்ம ஜாதி. மேலே படியுங்கள்.

பன்னிரண்டு அடி கம்பி

மஸ்கட்டில் ரேடியோ வேலை பார்த்துவிட்டு, தொண்ணூறுகளில் ஊர் திரும்பி தாம்பரத்தில் கடை போட்டேன். சேலையூரில் ஒரு டாக்டரம்மா. கீழே கிளினிக், மேலே வீடு. முழங்கால் வலியோடு போனுக்காக ஏறி இறங்க முடியாமல் என்னிடம் கார்ட்லெஸ் வாங்கினார். மாடியில் கரகரவென்றது. போனின் அடிப்பெட்டியிலிருந்து பன்னிரண்டு அடி செம்புக் கம்பியை இழுத்துக் கைப்பிடிச் சுவரோடு கட்டினேன். மாடி மூலைக்குப் போய்ப் பேசிப் பார்த்தவர் முகமெல்லாம் சிரிப்பு.

"பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி கேக்குது சார். உங்க கைக்கு மோதிரம் போடணும்!"

பதினோரு மணி

மூன்று வாரம் கழித்து கிளினிக்குக்கு எதிர்த்த டீக்கடையில் நின்றிருந்தேன். ஏழெட்டுப் பேர் பேச்சே இல்லாமல் ரேடியோவைப் பார்த்தபடி இருந்தார்கள். முள் மீடியம் வேவின் கடைசி நுனியில் இருந்தது. திடீரென்று அதிலிருந்து ஓர் ஆண் குரல்: "லேப்லேர்ந்து பேசறேன் டாக்டர். அந்த மீன்காரம்மா அஞ்சலை... சளியில கிருமி இருக்கு." பதிலுக்கு டாக்டரம்மாவின் குரல்: "டி.பி.தானா? சாயங்காலம் வரச் சொல்லியிருக்கேன், நானே சொல்லிக்கிறேன்."

டீ சட்டையில் கொட்டியதுகூடத் தெரியவில்லை. நான் கட்டிய கம்பி அந்த போனை ஒரு வானொலி நிலையமாகவே ஆக்கியிருந்தது. "ஐயையோ, அதை நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன். டீ மாஸ்டர் என்னை முறைத்தார்.

"சத்தம் போடாத சார், பதினோரு மணிக்குத்தான் ரிசல்ட்டெல்லாம் வரும்."

இறங்காத கூடை

அரை மணிகூட ஆகவில்லை, அஞ்சலையே வந்தார். கோவளத்திலிருந்து தினமும் அந்தத் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவர். தலைக் கூடையைத் தனியாக இறக்க முடியாது, யாராவது ஒரு கை கொடுக்க வேண்டும். அன்று ஒரு கதவும் திறக்கவில்லை. டீக்கடை ஆட்கள் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டார்கள். அவருடைய நோய் அவரைத் தவிரத் தெருவுக்கே தெரிந்திருந்தது. நானாவது ஒரு கை கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க என் முன்னால் நின்று கேட்டார்:

"ஒரு வூட்ல கிருத்திகைங்கறாங்க, அடுத்த வூட்ல சஷ்டி, எதுத்தாப்புல அமாவாசை. ஒரே நாள்ல எப்பிடி சார் இத்தினி விசேசம் வந்துச்சு?"

மூன்று சட்னி

விஷயத்தைச் சொன்னதும் டாக்டரம்மா போனைப் பாம்பைப் போடுவதுபோல் கீழே போட்டார். கம்பியைக் கழற்றினேன். பெட்டியைத் தெருப்பக்கத்திலிருந்து பின்னறைக்கு மாற்றினேன். குரல் அவர் காதுவரை போய் அங்கேயே செத்துவிட வேண்டும், அதுதான் கணக்கு. சின்ன டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துத் தெருவில் நடந்து பார்த்தால், டீக்கடை வாசலில் இன்னும் முணுமுணுப்பு. கடைசியில் கைகொடுத்தது மிக்ஸி. தெருச்சுவரை ஒட்டி அதை ஓட்டினால் டீக்கடை ரேடியோவில் வெறும் 'கர்ர்'. பின்னறையில் பேச்சுக்கு ஒரு கெடுதலும் இல்லை. போன் அடித்ததும் மிக்ஸியைப் போடும் டியூட்டி டாக்டரம்மாவின் வீட்டுக்காரருக்கு. ஒரு வாரத்தில் அவர் என் கடைக்கே வந்துவிட்டார்.

"சார், காலைலேர்ந்து மூணு போன். வீட்ல மூணு சட்னி இருக்கு, இட்லிதான் இல்ல!"

மறுபடியும் கம்பி

கம்பி, ரேடியோ கதையை டாக்டரம்மாவே அஞ்சலையிடம் சொல்லிவிட்டார். அஞ்சலை தவறாமல் மாத்திரை சாப்பிட்டார். இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டரம்மா சொன்ன பிறகும் தெரு திறக்கவில்லை. ஆறு மாதம் முடிந்து, கிருமியே இல்லை என்று ரிசல்ட் வந்த அன்று என் கடைக்கு வந்தார். "நான் சொன்னா எவன் நம்புறான்? ரேடியோ சொன்னாத்தான் நம்புவானுங்கோ. அந்தக் கம்பிய மறுக்கா மாட்டு சார்." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டாக்டரம்மா இரண்டு தடவை யோசித்துச் சொல்லச் சொன்னார். "எஞ் சேதி தானேம்மா" என்றார் அஞ்சலை.

அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் கம்பியை மாட்டினேன். மிக்ஸி வாயை மூடிக்கொண்டது. மறுநாள் பதினோரு மணிக்கு டாக்டரம்மா லேபைக் கூப்பிட்டு, "அஞ்சலை ரிசல்ட்டை இன்னொரு தரம் படிங்க" என்றார். டீக்கடை ரேடியோ படித்தது: "கிருமி இல்லை டாக்டர். சுத்தமா இல்லை." கடை வாசலில் தலையில் கூடையோடு நின்றிருந்தார் அஞ்சலை. டீ மாஸ்டர் கையைத் துண்டில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கேட்டுச்சில்ல? இன்னாத்துக்கு முழிச்சிகினு கீற? வந்து கூடைக்கு ஒரு கை குடு மாஸ்டர்."

கொடுத்தார். ஒட்டுக்கேட்பவர்களுக்கு நான் தெரிந்தே உதவி செய்தது ஆயுசில் அந்த ஒரு தடவைதான், அதற்குத்தான் எனக்கு அரைக் கிலோ நெத்திலி பரிசாக வந்தது.