பெயருக்கு ஒரு கட்டம்

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில், பியூஸ் கட்டை செய்யும் ஒரு கம்பெனியில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சூளையிலிருந்து இறங்கும் சரக்கில் வெடித்தது, மூளியானது எல்லாவற்றையும் பொறுக்கி எண்ணுவது ஓர் அக்காவின் வேலை. நல்லூர்ப் பக்கமிருந்து பஸ்ஸில் வருவார். அவர் புருஷனுக்குக் கரும்பு வெட்டும் சீசனில் மட்டும்தான் வேலை. மற்ற மாதங்களில் இவர் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. சாயங்காலம் உடைசல் எண்ணிக்கையைத் துண்டுச் சீட்டில் எழுதி என் மேசையில் வைப்பார். ஒன்று கூடாது, ஒன்று குறையாது.

பெரிய முதலாளி படுக்கையில் விழுந்ததும், சென்னையிலிருந்த மகன் பொறுப்பேற்றார். நான் இங்கே கம்ப்யூட்டரில் ஏற்றுவதை அவர் அங்கே இன்டர்நெட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து, பாஸ்வேர்டு போட்டுப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். இனி ஊருக்கு வரவேண்டிய அவசியமே இல்லை என்றார். வரவும் இல்லை.

உடைசல் பதியும் இடத்தில் 'பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டால் அடுத்த வரிக்கே போகாது. உடைந்தது சூளையில். சூளைக்கு ஏது பெயர்? சீட்டு கொடுப்பவர் அக்கா, அதனால் அக்கா பெயரைப் போட்டேன். எங்கள் ஷெட்டில் 'அக்கா கணக்கு' என்றால் அக்கா எண்ணிய கணக்கு. சென்னைக்கு அது எப்படித் தெரியும்?

மூன்றாம் மாதம் சின்ன முதலாளியிடமிருந்து போன் வந்தது. "அந்தம்மா ஒரு ஆளே இவ்ளோ உடைக்குதா? திங்கக்கிழமைலேருந்து வர வேணாம்னு சொல்லிடுங்க."

ஒரே வாக்கியத்தில் விளக்கியிருக்கலாம். விளக்கினால் தப்பாகப் பதிந்தவன் நான் என்று ஆகும். அங்கே கணக்குக்குத் தனி ஆள் எதற்கு என்று முந்தைய வாரம்தான் கேட்டிருந்தார். "சரிங்க சார்" என்றேன். கோழைப்பயல்.

அக்கா சண்டை போடவில்லை. "நான் எண்ணித்தானே தம்பி குடுத்தேன்? ஒன்னுகூட ஒடைக்கலையே. வூட்டுல என்னன்னு சொல்லுவேன்? நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லிப் பாத்தேங்க்கா, அவரு கேக்கல" என்றேன்.

நம்பிவிட்டார். "எனக்காவ கேட்டீங்களே, அது போதும்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சோற்று வாளியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு உடைசலை எண்ண யாரும் முன்வரவில்லை. "எம்பேரும் ஏறிடும், வேணாங்க" என்றார்கள். சீட்டே வராதபோது நான் எதைப் பதிவது? அந்தக் கட்டத்தில் என் பெயரைப் போட்டு நானே எண்ணியிருக்கலாம். போடவில்லை.

மாதக் கடைசியில் சென்னையிலிருந்து மறுபடி போன். சந்தோஷமாகப் பேசினார். "பாத்தீங்களா, அந்தம்மா போனதும் உடைசலே இல்ல!"

என் ஜன்னலுக்கு வெளியே உடைந்த கட்டைகள் குவிந்து, கீழ்க் கம்பியைத் தொட்டிருந்தன. "ஆமாங்க சார்" என்றேன்.