பூவை எங்கே வைப்பார்கள்?

எனக்கு வாய் அடங்காது. பன்னிரண்டு வயதிலேயே அப்படித்தான். ஈப்போவில் படித்தபோது, பழங்காலக் கிரேக்கர்களின் கல்யாணத்தைப் பற்றி டீச்சர் ஒருநாள் சொன்னார். ஸ்பார்ட்டா என்ற ஊரில் மணப்பெண்ணின் முடியை ஒட்ட வெட்டி, ஆம்பிளை உடுப்பையும் செருப்பையும் மாட்டிவிடுவார்களாம். ஏன் வெட்டினார்கள், வெட்டிய முடியை என்ன செய்தார்கள், அந்தப் பெண்ணுக்குச் சம்மதமா என்று துளைத்தெடுத்தேன். டீச்சருக்கே தெரியவில்லை.

எனக்கு அது வெறும் பாடமில்லை. வீட்டில் அக்காவுக்கும் முடி கிடையாது. விஷக்காய்ச்சலில் கிடந்தபோது ஆஸ்பத்திரியில் வெட்டிவிட்டார்கள். இரண்டு விரல் உயரம்கூட இன்னும் வளரவில்லை. பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் அவள் தலையைப் பார்த்ததுமே எழுந்து போய்விட்டன. தாலியறுத்தவள் கோலமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. அதன்பிறகு அவர் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மூன்றாவதாகப் பாகான் செராயிலிருந்து வருகிறார்கள் என்றதும் அம்மா பொய்முடி வாங்கி மாட்டி, அக்காவுக்குக் கொண்டை போட்டுவிட்டாள்.

மாப்பிள்ளையின் தாயாருக்கு அக்காவைப் பிடித்துப்போயிற்று. சம்பந்தம் உறுதி என்பதற்கு அடையாளமாக, கொண்டுவந்த மல்லிகைச் சரத்தை அவள் தலையில் வைக்க எழுந்தார். அம்மா முகத்தில் ஈயாடவில்லை.

"இருங்க அத்தே," என்றாள் அக்கா. தன் கையாலேயே பொய்முடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "காய்ச்சல்ல வெட்டிட்டாங்க. பின்னாடி தெரிஞ்சு நீங்க வருத்தப்படக் கூடாதுலா."

அப்பா தரையைப் பார்த்தார். நான் சும்மா இருப்பேனா?

"கிரேக்க தேசத்துல பொண்ணுக்கு இப்படி வெட்டித்தான் கட்டிக்குடுப்பாங்களாம். டீச்சர் சொன்னாங்க."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அந்த அம்மாளோ என் பக்கம் திரும்பினார்.

"அப்படியா? அப்போ பூவ எங்க வைப்பாங்க?"

அத்தனை கேள்வி கேட்ட நான் இதைக் கேட்காமல் விட்டிருந்தேன். வெட்கமாகப் போயிற்று. "தெரியல" என்றேன்.

"சரி, நம்மளே ஒரு வழி பாப்போம்."

சரத்தை அக்காவின் தலையைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, பின்னால் முடிச்சுப் போட்டார். காய்ச்சலில்கூட அழாத அக்கா அப்போது விம்மி அழுதாள்.

பிறகு நான் கிரேக்கர்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். மாமியார்களைப் பற்றி ஒரு வரியும் அகப்படவில்லை.