பொறுக்காமல் சாப்பிட்டவன்

ஃபிரிட்ஜைப் பழுதுபார்க்க வருகிறவன் முதலில் கருவிப்பையைத் திறப்பதில்லை. உள்ளே இருக்கும் கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் அடுக்குகிறான். அடுக்கும்போதே மூடியைத் தூக்கி முகர்ந்துவிடுகிறான். “அக்கா, இது நேத்து வச்சதா? இன்னிக்குத்தான் ருசி ஏறியிருக்கும். லேசா சூடு பண்ணுங்க, அதுக்குள்ள கதவு ரப்பரை மாத்திடுறேன்.” யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அவன் வருகிறான் என்று தெரிந்தால் ஒரு கரண்டி கூடுதலாகவே வைக்கிறார்கள்.

என் கொழுந்தனாரின் கடைசி மகன் இவன். என்னைப் பெரியம்மா என்பான். வயது நாற்பத்து மூன்று. குனிந்து கம்ப்ரஸரைப் பார்க்க வயிறு விடுவதில்லை, தரையில் ஒருக்களித்துப் படுத்துத்தான் பார்க்கிறான். வேலைக் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்திலிருந்து சமையல் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தான். இரண்டும் நடுவில் முட்டிக்கொண்டன. சமையலுக்கென்று தனி நோட்டு வாங்கிவிட்டான்.

சின்ன வயதில் வெள்ளையாக இருந்தால்தான் தின்பான். சோறு, பால், சர்க்கரை; அவ்வளவுதான். வெங்காயம், மிளகாய், கடுகு எதுவானாலும் கிள்ளி எடுத்துத் தட்டின் ஓரத்தில் வேலி கட்டிவிடுவான். அவன் அத்தைக்கு வாய்த்துடுக்கு. ஒருநாள் பார்த்துவிட்டு, “இவன் எங்க சாப்பிடறான், பொறுக்குறான். சரியான பொறுக்கி!” என்றாள். சிரித்தோம். பெயர் ஒட்டிக்கொண்டது. “பொறுக்கிக்குச் சோறு போட்டாச்சா?” “பொறுக்கி தூங்கிட்டானா?” தெருவும் அப்படியே கூப்பிட்டது. இருபத்தாறு வயதாகியும் சாப்பாடும் மாறவில்லை, பெயரும் மாறவில்லை.

அப்போதுதான் வேலைக்குப் போன வீடொன்றில் ஒரு பெண்ணைப் பிடித்துப்போனது. அவளுக்கும் சம்மதம். அவள் அப்பா தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மனைவி தவறிய பிறகு அவர்தான் வீட்டில் சமையல். பையன் எப்படி என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் கிளம்பி வந்திருக்கிறார். இவன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருக்கும் தையல்காரரிடம், “ஃபிரிட்ஜ் மெக்கானிக் வீடு எதுங்க?” என்று கேட்டிருக்கிறார்.

“நம்ம பொறுக்கி வீடா? மாடிக்குப் போங்க. சின்ன வயசிலேர்ந்தே பொறுக்கி. ஆனா தங்கமான பையன்.”

‘தங்கமான’ என்பது காதில் விழும்வரை அவர் நிற்கவில்லை. வாங்கிவந்த பழப்பையோடு திரும்பிவிட்டார். சாயங்காலம் அந்தப் பெண் போனில் அழுதாள்: “அப்பா முடியவே முடியாதுன்னுட்டாரு.”

அவன் அம்மா நாத்தனாரோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்க, இவன் என்னைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனான். பெயர் வந்த கதையை நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

“ரௌடி இல்லேன்னு புரியுதும்மா. ஆனா இதுவும் எனக்குச் சரிப்படாது. நான் சமைச்சதைக் கிளறிக்கிட்டு உக்காந்திருக்கறவனுக்கு எப்படிப் பொண்ணு குடுப்பேன்?” என்றவர், கொஞ்சம் யோசித்து, “சரி, உக்காரச் சொல்லுங்க. பொறுக்காம சாப்பிடட்டும், பாக்கறேன்” என்றார்.

சோறு வந்தது. பக்கத்தில் பாகற்காய் வறுவல். பாகற்காய்க்குச் சமமாக வெங்காயம்.

“கண்ணை மூடிக்கிட்டு முழுங்குடா” என்று காதில் சொன்னேன். முதல் வாயைத் தண்ணீரோடு விழுங்கினான். இரண்டாவதிலேயே டம்ளர் காலி. ஊற்ற வந்த மகளை அவர் கண்ணாலேயே நிறுத்திவிட்டார். மூன்றாவது வாயை மென்றுதான் ஆகவேண்டும்.

வேகமாக மென்றான். பிறகு தாடை மெதுவாயிற்று. ஃபிரிட்ஜில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதை வைத்துக் கேட்பானே, அந்த முகம்.

“என்னடா?” என்றேன்.

“கசக்குது பெரியம்மா.”

நான் அவன் தொடையைக் கிள்ளினேன்.

“ஆனா கசப்பு கடைசியிலதான் வருது. அதுக்கு முன்னாடி என்னென்னமோ வருது.” இன்னொரு வாய் போட்டுக்கொண்டான். அதுவரை சார் சார் என்றுகொண்டிருந்தவன் நிமிர்ந்து, “வெங்காயத்தை முதல்லயே வதக்கிட்டீங்களா மாமா?” என்று கேட்டான்.

அவர் உள்ளே போய் வாணலியை அப்படியே தூக்கிவந்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கரண்டியை மகள் கையில் கொடுத்தார்.