அத்தை தோற்ற தேர்தலும் எங்கள் தெருத் தண்ணீரும்

எங்கள் அத்தை கனடாவில் ஒரு தேர்தலில் நின்று தோற்ற வருடம், திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் அவளுக்கு வெற்றி விழா நடந்தது. இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. சொல்வதென்றால் அப்பாவைச் சொல்லலாம். அவரைச் சொல்லித்தான் என்ன ஆகப்போகிறது, அவர் மைக் செட்காரர்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணம் முடித்துக் கனடாவுக்குப் போனவள் அங்கே ஒரு சமூக நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வெளிநாடுகளிலிருந்து புதிதாகக் குடிவருகிறவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவது, எந்த பஸ் எங்கே போகும் என்று காட்டுவது, இதுதான் வேலை. இதைச் சொந்தக்காரர்களுக்கு விளங்கவைக்க அப்பா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. "வந்தவுகளுக்கு ஒத்தாசை பண்றது சரிப்பா, வேலை என்ன வேலை பாக்குது?" என்று சித்தையன்கோட்டைப் பெரியப்பா வருகிறபோதெல்லாம் கேட்பார். பேசாமல் நர்ஸ் என்று சொல்லிவிடலாமே என்று அம்மா யோசனை சொன்னாள். எங்கள் மாதா கோயில் பங்கு மக்களிடம் நர்ஸ் என்றால் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்கமாட்டார்கள்.

அப்படிப்பட்ட அத்தை ஒருநாள், கனடாவில் தான் இருக்கும் நகரத்துக் கவுன்சிலர் தேர்தலில் நிற்கப்போவதாகச் சொல்லிவிட்டாள். அண்ணனுக்குப் பள்ளியில் கொடுத்த இலவச லேப்டாப்பில் அவள் முகம் தெரிய, சுற்றி நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. இருக்காதா பின்னே? கன்னிவாடிவரைக்கும் எந்தக் கட்சிக்கு ஓட்டுக் கேட்டாலும் எங்கள் குழாய் ஸ்பீக்கர்தான் ஜீப்பின் தலையில் உட்கார்ந்து கத்தும். ஒரு தேர்தலை எப்படி ஜெயிப்பது என்பது தனக்குத் தெரிந்த அளவுக்கு எந்தத் தலைவருக்கும் தெரியாது என்பது அவர் நினைப்பு.

"எத்தனை வண்டி ஓடுது தாயி?" என்று கேட்டார்.

"இங்க மைக்கெல்லாம் கூடாதுண்ணே. வீடு வீடாப் போயி, கதவத் தட்டி, ரெண்டு வார்த்தை பேசிட்டு வரணும். அம்புட்டுதான்."

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். தங்கச்சியை யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றுதான் அவருக்குப் பட்டது. மைக் இல்லாமல் ஒரு தேர்தலா, விளங்குமா அது?

தன்னால் ஆனதைச் செய்யாமல் அவரால் இருக்க முடியவில்லை. பக்கத்துக் கடை ஃபிளெக்ஸ்காரர் அவருக்குக் கூட்டாளி. அத்தையின் கல்யாணப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, வேறு யாரோ ஒரு அம்மாவின் கும்பிட்ட கைகளை ஒட்டி, தெருமுனையில் ஆளுயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். கனடா தேர்தலில் வெற்றி பெற வாழ்த்தும் நெஞ்சங்கள் என்று கீழே வரிசையாக எங்கள் படங்கள். அப்பா, ஃபிளெக்ஸ்காரர், டீக்கடை மாமா, கடைசியில் பள்ளிச் சீருடையில் ரெட்டை ஜடையோடு நான். எனக்குப் பத்து வயது. என் முகம் ஒரு சின்னக் குடத்து அளவுக்கு இருந்தது. பள்ளிக்குப் போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன்.

அத்தை தோற்றுப்போனாள். கொஞ்ச ஓட்டில்தான் என்றாள். அப்பா ஃபோனை வைத்துவிட்டு, ஏற்கெனவே சுற்றி வைத்திருந்த வயரை அவிழ்த்து மறுபடி சுற்றினார். "ஒரே ஒரு குழாய் கட்டியிருந்தா ஜெயிச்சிருக்கும்," என்றார். அன்றைக்கே ஃபிளெக்ஸைக் கழற்றியிருக்க வேண்டும். ஆனால் தோற்ற தங்கச்சியை இறக்கி மடித்துப் பரணில் போட அவருக்கு மனசு வரவில்லை. எனக்கும் வரவில்லை, என் காரணம் வேறு.

தோற்றவர்களுக்கு ஃபிளெக்ஸ் இத்தனை நாள் இருக்காதே என்று தெரு தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. டீக்கடையில் யாரோ கையைப் பிடித்துக் குலுக்கியபோது அப்பா "எல்லாம் மாதா கிருபை" என்று மேலே பார்த்துச் சொன்னார். அது ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. வீட்டில் எங்களுக்கு ஒரே உத்தரவுதான். யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

கிறிஸ்துமஸுக்கு அத்தை வந்தாள். ஆட்டோவிலிருந்து ஒரு காலைத்தான் கீழே வைத்திருப்பாள், எதிர்வீட்டு டீச்சர் வந்துவிட்டார். "வாங்க கவுன்சிலரம்மா! எங்க தண்ணிக் கஷ்டத்த நீங்கதான் நம்ம ஊரு கவுன்சிலர்ட்ட எடுத்துச் சொல்லணும். கவுன்சிலருக்குக் கவுன்சிலர் சொன்னாக் கேப்பாங்கல்ல?"

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா பெட்டியைப் பார்த்தார்.

அன்று மதியம் அடுப்படியில் அத்தை அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்ததை, பூண்டு உரிக்கிற சாக்கில் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். "போதும் மதினி. இனிமே நிக்க மாட்டேன். அந்த வேலையவும் விட்டுறலாம்னு இருக்கேன். எத்தனை வருசம் இருந்தாலும் நான் யாரு அவங்களுக்கு?" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பூண்டுக்குக் கண் எரியாதே என்று யோசித்தேன்.

தண்ணீர் விஷயம் இதுதான். எங்கள் தெருவுக்கு வாரத்துக்கு ஒருமுறை காலையில் தண்ணீர் திறந்துவிடுவார்கள். எங்கள் முனையில் ஓரளவு வரும், போகப்போக மெலியும், கடைசிக்குப் போய்ச் சேராது. தெரு இதற்கும் ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தது. கடைசி வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் குடியிருந்தார்கள். நூல் மில்லில் வேலை. "ஒரு வீட்டுல அத்தனை பேரு. வடக்கத்திப் பயலுக, குளிச்சே காலி பண்ணிருவானுக," என்பார் டீச்சர். அந்த வீடே கடைசி வீடு, அதற்கப்புறம் காடுதான், அங்கே குளித்தால் முன்னால் இருக்கிற வீடுகளுக்குத் தண்ணீர் எப்படிக் குறையும் என்று யாரும் கேட்கவில்லை.

தண்ணீர் நாள் வந்தது. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டு, அத்தை ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, நேரே கடைசி வீட்டுக்கு நடந்தாள்.

"அங்க எதுக்கு மொதல்ல போற? டீச்சரு காப்பி போட்டு வச்சிருக்காக!" என்று அப்பா வாசலில் நின்று கூப்பிட்டார். அத்தை கேட்காததுபோல் போய்க்கொண்டே இருந்தாள். கனடாவில் தெருவை அந்தக் கோடியிலிருந்துதான் எண்ணுவார்கள் போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன். நமக்குப் பகல் என்றால் அவர்களுக்கு இரவு என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள் அல்லவா.

கடைசி வீட்டுக் குழாய்க்குக் கீழே இடுப்பளவுக்குப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். ஒரு பையன் உள்ளே இறங்கிக் குடத்தை வைத்திருந்தான். நூல் மாதிரி தண்ணீர் விழுந்தது. அத்தை அவனிடம் இந்தியில் பேச ஆரம்பித்ததும் எனக்கு வாய் பிளந்துவிட்டது. கனடாவுக்குப் போய் இந்தி கற்றுக்கொண்டு வந்த ஒரே திண்டுக்கல்காரி எங்கள் அத்தையாகத்தான் இருக்கும். அவர்கள் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டார்கள். மிச்சமிருந்த தண்ணீரில் டீயும் போட்டார்கள்.

தெருவின் அந்த முனையிலிருந்து மாதா பாட்டு காதைக் கிழித்தது. தண்ணீர் வரும் காலையில் அப்பா தவறாமல் ஸ்பீக்கர் சோதிப்பார். "அது எங்கப்பா செட்டு!" என்று நான் அந்தப் பையன்களிடம் பெருமையாகக் கைகாட்டினேன்.

சட்டென்று பாட்டு நின்றது. மின்வெட்டு. அந்த நிமிடமே குழாய் புடைத்தது. குடம் தளும்பி, பள்ளத்துக்குள் நின்றவன் முழங்கால்வரை நனைந்து, சிரித்தபடி அடுத்த குடத்துக்குக் கத்தினான். ஓடி ஓடிப் பிடித்தார்கள். செத்த நேரத்தில் கரண்ட் வந்தது. மாதா பாட்டு விட்ட இடத்திலிருந்து முழங்கியது. தண்ணீர் பழையபடி நூலாகிவிட்டது. பாட்டு என்றால் தண்ணீருக்குப் பிடிக்காது போல என்று நான் சொன்னேன். அத்தை டீயைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கொல்லைப்புறம் போய், கவிழ்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் அண்டாவைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் குழாயோடு பொருத்திய குட்டி மோட்டார் ஒன்று முனகிக்கொண்டிருந்தது. அது முனகுவது வெளியே கேட்கக் கூடாது என்பதற்குத்தான் அந்த ஸ்பீக்கர் சோதனையெல்லாம் என்பது எனக்கு அப்போதுகூடப் புரியவில்லை. அண்டாவுக்கு அடியில் அது ஏன் இருக்கிறது என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை. அத்தை அண்டாவைப் பழையபடி கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தெருமுனையில் பாராட்டு விழா. வேண்டவே வேண்டாம் என்று அத்தை எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், தெரு கேட்கவில்லை. சாமியானா, பொன்னாடை, நிஜமான வார்டு கவுன்சிலர் எல்லாம் வந்தாயிற்று. மைக் செட் எங்களுடையது. கடைசி வரிசையில், யாரோ கேசரி உண்டு என்று சொல்லியிருக்க வேண்டும், கடைசி வீட்டுப் பையன்களும் வந்து நின்றார்கள். நான் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தேன்.

அத்தை பொன்னாடையை வாங்கி, போர்த்திக்கொள்ளாமல் கையில் வைத்துக்கொண்டாள். மைக்கைப் பிடித்தாள்.

"நான் ஜெயிக்கலங்க. தோத்துட்டேன்."

நாளைக்குப் பள்ளியில் எந்த முகத்தோடு போவேன்? அதுவும் குடத்து அளவு முகம்! கூட்டம் ஃபிளெக்ஸைத் திரும்பிப் பார்த்தது. அப்போது கடைசி வரிசையிலிருந்து படபடவென்று கைதட்டல். தமிழ் தெரியாத அந்தப் பையன்கள் பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். அத்தை திடுக்கிட்டு அவர்களைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அவள் சிரித்ததும் மொத்தக் கூட்டமும் சிரித்துவிட்டது.

"தண்ணி எங்க போகுதுன்னும் பாத்துட்டேன்," என்று அத்தை தொடர்ந்தாள். "அந்தப் பிள்ளைக குடிக்கல. நம்ம தெருவுல வீட்டுக்கு வீடு மோட்டார் இழுக்குது. யாரு வீடுன்னு நான் சொல்லப்போறதில்ல. ஒரே ஒரு வீடு மட்டும் சொல்றேன்."

அப்பாவின் கை ஆம்ப்ளிஃபயர் திருகின்மேல் இருந்தது. லேசாகத் திருப்பினால் போதும், அத்தையின் குரல் காற்றில் போய்விடும். அவர் திருப்பத்தான் போகிறார் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கர் கீச்சென்று கத்தியது. அப்பாவின் விரல்கள் தானாக நகர்ந்து, கீச்சலை அடக்கி, சத்தத்தை ஒரு கோடு கூட்டி வைத்தன.

"எங்க அண்ணன் வீடு. சாயங்காலம் நானே கழட்டப்போறேன். மத்தவுக உங்க இஷ்டம்."

மேட்டுப்பட்டிவரைக்கும் கேட்டிருக்கும், அவ்வளவு துல்லியம். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அன்று இரவு சாப்பிடும்போது, "மைக்குன்னா என்னன்னு இப்பத் தெரிஞ்சுச்சா?" என்று அத்தையிடம் கேட்டார். அவருக்கு அதுவே பெரிய ஆறுதல்.

அத்தைக்குப் பொன்னாடை போர்த்தியவர்கள் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். எங்கள் மோட்டார் கழன்றது. டீச்சர் வீட்டில் அதற்குப் பிறகு, யாருக்கும் தெரியாமல் கழன்றது. மற்ற வீடுகளில் முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார்கள். சிலர் கழற்றவே இல்லை. ஆனாலும் அடுத்த தண்ணீர் நாளில் ஸ்பீக்கர் சோதனை இல்லாமல் தெரு அமைதியாக இருந்தது. கடைசி வீட்டுப் பையன் ஒருவன் எங்கள் வாசல்வரை ஓடிவந்து, நிறைகுடத்தை அத்தையிடம் தூக்கிக் காட்டிவிட்டுத் திரும்பி ஓடினான். அத்தை அழுதாள். இந்தமுறை பூண்டு எதுவும் பக்கத்தில் இல்லை.

அவள் வேலையை விடவில்லை. அடுத்த தேர்தலில் மறுபடி நின்று, மைக் இல்லாமலே ஜெயித்தாள். அப்பா வைத்த புது ஃபிளெக்ஸில் எனக்கு இடமில்லை, வளர்ந்துவிட்டேனாம்.

போன மாதம் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தபோது, அன்றைக்கு ஏன் முதலில் அந்தக் கடைசி வீட்டுக்குப் போனாய் என்று சும்மா கேட்டேன்.

"நான் இங்க வந்த புதுசுல, எங்க தெருவுல எது காணாமப் போனாலும் எங்க வீட்டத்தான் பாப்பாக தாயி. குப்பை சிந்திக் கெடந்தா நாங்க, நாத்தம் அடிச்சா நாங்க. ஒருத்தரும் வந்து கதவத் தட்டிக் கேக்கல. ஒரே ஒரு அம்மா வந்தா, அந்தச் சமூக நிலையத்துலேருந்து. அவ வந்து உக்காந்து ஒரு டீ குடிச்சா. அம்புட்டுதான்."

அன்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தை நடந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் நான் ஓடியது நினைவுக்கு வந்தது. அவள் தன் வீட்டுக்கதவைத் தட்டத்தான் அவ்வளவு வேகமாகப் போயிருக்கிறாள். நானோ, கனடாவில் தெருவை அந்தக் கோடியிலிருந்து எண்ணுவார்கள் என்று நினைத்துக்கொண்டே பின்னால் ஓடியிருக்கிறேன்.