மடிக்கணினியில் அவள் பாதி

என் மனைவிக்குப் பார்வை ஒரே நாளில் போய்விடவில்லை. சர்க்கரை நோய். முதலில் வலது கண்ணில் மை சிந்தின மாதிரி ஏதோ மிதக்கிறது என்றாள். மலாக்கா ஆஸ்பத்திரியில் லேசர் வைத்தார்கள். பிறகு இடது கண்ணுக்கும் அதுவே வந்தது. ஒன்றரை வருடத்துக்குள் அலோர் காஜாவில் தாமான் குடியிருப்பிலிருந்த எங்கள் வீட்டுச் சுவரைத் தடவித் தடவி நடக்க ஆரம்பித்தாள். அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் ஒரு வழக்கறிஞர் ஆபீசில் டைப் அடித்தவள். விசைகளைப் பார்க்காமலே விரல்கள் ஓடும். அந்த விரல்கள் மட்டும் அப்படியே இருந்தன.

வீட்டில் ஒரே லேப்டாப். நான் செலண்டார் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. தோட்டத்துத் தினசரி அறிக்கையை ஒரு மென்பொருளில்தான் போட வேண்டும், அது விண்டோஸில் மட்டுமே ஓடும். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றையும் அதிலேயே அவளுக்காகப் போட்டுக் கொடுத்தேன். பகலில் நான் வேலைக்குப் போனதும் அவள் அதில் உட்காருவாள். சாயங்காலம் நான் உட்காருவேன்.

இதில்தான் தகராறு. நான் எதைத் தொட்டாலும் அந்தக் குரல் கூடவே படிக்கும். எரிச்சலில் நிறுத்திவிடுவேன். வேலை முடிந்ததும் மறுபடி போட மறந்துவிடுவேன். மறுநாள் அவள் திறந்தால் சத்தமே இருக்காது. பேசாத பெட்டியின் முன்னால் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பாள். ஒரு முறை என் அறிக்கைக்குள் தெரியாமல் நுழைந்து இரண்டு நாள் வேலையை அழித்துவிட்டாள். நான் கத்தினேன். அதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அன்றைக்கு அவள் திருப்பிக் கத்தவில்லை. "வீட்ல ஒரு நாற்காலிய நீங்க நகத்தி வச்சா, நான் போய் இடிச்சுக்கிறேன். இதுலயும் அப்படித்தாங்க. நான் வச்சது வச்ச இடத்துல இருக்கணும். எனக்குன்னு ஒரு இடம் வேணும்," என்றாள்.

இன்னொரு லேப்டாப் வாங்கலாம் என்றேன். வேண்டாம், இதிலேயே ஏதாவது வழி உண்டா என்று கேளுங்கள் என்றாள்.

மலாக்கா டவுனில் கணினி சாமான் கடை வைத்திருக்கும் ஒரு பாயை எனக்குப் பல வருடமாகப் பழக்கம். அவரிடம் சொன்னேன். "ஒரே மெஷின்ல ரெண்டு சிஸ்டம் போடலாம்லா," என்றார். "ஹார்ட் டிஸ்க்க ரெண்டாப் பிரிச்சிடுங்க. ஒரு பக்கம் உங்க விண்டோஸ், மறுபக்கம் அவங்களுக்கு லினக்ஸ். அதுலயும் வாசிக்கிற குரல் இருக்கு, தமிழும் வாசிக்கும், மலாயும் வாசிக்கும். ஆன் பண்ணதும் எது வேணும்னு ஒரு பட்டியல் வரும். ஒண்ணுல செய்றது இன்னொண்ணத் தொந்தரவு பண்ணாது." ஒரு பென்டிரைவில் எல்லாம் ஏற்றிக் கொடுத்தார். நான் கிளம்பும்போது, "ஒண்ணு தெரிஞ்சுக்குங்க, அவங்க பக்கத்துல இருந்து உங்க ஃபைலத் திறக்க முடியும். உங்க பக்கத்துல இருந்து அவங்களது தெரியாது," என்றார். சரி சரி என்று தலையாட்டினேன். பார்வையில்லாதவள் என்ன தேடப்போகிறாள் என்றுதான் மனதுக்குள் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, என்னுடையதையெல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டு ஆரம்பித்தேன். அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். டிஸ்க்கைப் பிரிக்கும் இடம் வந்தது. திரையில் நீளமான ஒரு பட்டை, நடுவில் இழுத்து வைக்கிற கோடு.

"எனக்கு எவ்வளவு?" என்று கேட்டாள்.

"கால்வாசி போதும்லா உனக்கு. எழுத்துதானே, இடம் பிடிக்காது."

அவள் மவுஸ் எங்கே என்று கையை நீட்டினாள். அவள் கையை எடுத்து அதன்மேல் வைத்து, என் கையை மேலே வைத்துக்கொண்டேன். "பாதி வந்ததும் சொல்லுங்க," என்றாள். இரண்டு பேருமாக இழுத்தோம். பாதி வந்ததும் சொன்னேன். அவளே அழுத்தினாள்.

நிறுவி முடிய மதியமாகிவிட்டது. இரண்டுமே ஒழுங்காகத் திறந்தன. சாயங்காலம் அவசரமாக அறிக்கை போடுபவன் நான்தானே என்று, பத்து விநாடி யாரும் எதையும் தொடாவிட்டால் என் விண்டோஸ் திறக்கும்படி வைத்தேன். மறுநாள் சாயங்காலம் வந்தபோது லேப்டாப் மூடியிருந்தது.

"அந்தப் பட்டியல் பேசாதுங்க," என்றாள். "எப்ப வருது, எப்பப் போவுதுன்னு எனக்கெப்படித் தெரியும்? அஞ்சு தடவ போட்டேன். அஞ்சு தடவையும் உங்க வீட்டுக்குள்ளதான் போய் நின்னேன்."

இவ்வளவு செய்தும் வாசல் கதவை அவளுக்குக் காட்டாமல் விட்டிருக்கிறேன். அப்போதே பாய்க்குப் போன் போட்டேன். அவர், பட்டியல் வந்ததும் ஒரு சத்தம் வரும்படி செய்யலாம், அதற்கு ஒரு வரி எழுதினால் போதும் என்று சொல்லி, எழுத்து எழுத்தாகப் படித்தார். நான் அடித்தேன். யாரும் தொடாவிட்டால் அவளுடையது திறக்கும்படியும் மாற்றினேன். எனக்கு விண்டோஸ் வேண்டுமென்றால் நான் கீழ் அம்புக்குறியை அழுத்திக்கொள்ளலாம். மறுபடி ஆன் செய்தோம். 'பீப்' என்று ஒரு சின்னச் சத்தம். அவள் முகம் அந்தப் பக்கம் திரும்பியது. என்டரைத் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் அந்த இயந்திரக் குரல் அவளிடம் தமிழில் பேசியது.

அதன் பிறகு வீட்டில் சண்டை இல்லை. நாள் முழுக்க எழுதினாள், படித்தாள். நானும் நிம்மதியாக இருந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளே குரல் கேட்டது. மலாயில் வாசித்துக்கொண்டிருந்தது. 'என் மனைவி இரு கண்களிலும் பார்வையை நிரந்தரமாக இழந்துவிட்டார். சிகிச்சையால் பலனில்லை என மருத்துவர் உறுதி செய்துள்ளார்.' முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வாசித்தது.

நான் எழுதியது அது. உடற்குறை உள்ளவர்களுக்குக் கொடுக்கும் ஓகேயு கார்டுக்காகச் சமூகநல ஆபீசுக்கு எழுதி, அனுப்பாமல் என் பக்கத்தில் வைத்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கடைசியாகப் போனபோது, அவள் கண்ணில் மருந்து விட்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார், இனிமேல் திரும்பாது என்று. காரில் ஏறியதும், டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் கேட்டாள். "ஆறு மாசம் போவட்டும், பாக்கலாம்னாரு," என்றேன். அந்த ஆறு மாதத்தைத்தான் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

கதவருகிலேயே நின்றேன். நான் வந்தது அவளுக்குத் தெரியும். குரலை நிறுத்தினாள்.

"தேடல," என்றாள். "வேற டிஸ்க்னு ஒண்ணு சொல்லிச்சு. என்னன்னு திறந்தேன்."

"இன்னும் அனுப்பலம்மா அது."

"அனுப்பலன்னு தெரியுது. என்கிட்ட சொல்றதுக்கு முன்னால ஆபீஸ்காரனுக்குச் சொல்ல உங்களுக்கு வாய் வந்திருக்கு. அதத்தான் நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

 உனக்காகத்தான் மறைத்தேன் என்று சொல்ல வந்தேன். உண்மையில் அவள் அழுவதைப் பார்க்கப் பயந்துதான் மறைத்தேன். அதைச் சொன்னேன். அவள் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் பயந்த அளவுக்கு அது இல்லை, அல்லது பயந்ததைவிட அதிகம், எதுவென்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. வெளியே இருட்டும்வரை இரண்டு பேரும் விளக்குப் போடவில்லை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கடிதத்த நான் எழுதுறேன்," என்றாள். 'என் மனைவி' என்று நான் ஆரம்பித்திருந்ததை 'நான்' என்று ஆரம்பித்து அவளே டைப் அடித்தாள். பழைய ஆபீஸ் மலாய், ஒரு பிழை இல்லை. நான்கே வரியில் முடித்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை லீவு போட்டு அவளைக் கூட்டிக்கொண்டு சமூகநல ஆபீசுக்குப் போனேன். முகப்பில் இருந்த பெண் விண்ணப்பப் பாரத்தை என் பக்கம் நீட்டி, அவர் சார்பில் நீங்கள் கையெழுத்துப் போடலாம் என்றார். "எங்க போடணும்னு விரல வைங்க," என்றாள் இவள். வைத்தேன். விரலை ஒட்டினாற்போல் முழுப் பெயரையும் எழுதினாள். கடைசி எழுத்து மட்டும் கோட்டுக்கு வெளியே இறங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் போனைக் கேட்டாள். செலண்டார் தோட்டத்தில் இருக்கும் அவள் அம்மாவுக்கும் நான் அதே ஆறு மாதக் கதையைத்தான் சொல்லியிருந்தேன். நான் அடுப்பங்கரையில் நின்று குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தேன். கேட்பதற்காக அடுப்பைத் தணித்தேன்.

"இல்லம்மா. திரும்ப வராதாம். ரெண்டு கண்ணும்தான்," என்றாள். அந்தப் பக்கம் நீண்ட நேரம் என்னவோ சொன்னார்கள். இவள் உம், உம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அவரு மேல கோவப்படாதீங்க. அத நான் பட்டாச்சு," என்றாள். பிறகு, "இன்னும் சாப்டலம்மா. இப்பத்தான் சாப்டப் போறோம்," என்றாள்.